உடுமலை–மூணாறு சாலையில் வரையாட்டின் எதிர்காலம்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாற்றுக்குச் செல்லும் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சாலை, தமிழ்நாட்டின் வறண்ட சமவெளியில் தொடங்கி, இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் அருகே சென்று முடிவதால், முட்காடு, இலையுதிர்காடு, தேயிலைத் தோட்டம், சோலைக்காடு, மலைப்புல்வெளி என ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் நிலங்களை அரை நாளுக்குள் கண்முன் நிறுத்திவிடுகிறது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஆறு முதல் ஆறரை பாகை செல்சியஸ் வரை குறையும் என்பது வளிமண்டலவியலின் பொதுக்கணக்கு. அக்கணக்கைத் திருப்பிப் போட்டால், ஓரிடத்தின் வெப்பம் ஒரு பாகை கூடும்போது, பழகிய குளிரை விட்டுப் பிரியாதிருக்க விரும்பும் உயிரினம் ஏறத்தாழ 150 மீட்டர் மேலேற வேண்டியிருக்கும். சமவெளிப் பறவைக்கு இது பெரிய இடர் அன்று. ஏற்கெனவே மலையுச்சியில் வாழும் விலங்குக்கு இது வாழ்வா சாவா என்னும் கேள்வி.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு அத்தகைய விலங்கு. சங்கப் பாடல்களில் வருடை என்னும் பெயரால் குறிக்கப்படும் இது, நீலகிரியிலிருந்து அகத்தியமலை வரையிலான மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் 1,200 முதல் 2,600 மீட்டர் வரையிலான உயரத்தில், புல்வெளியும் செங்குத்துப் பாறையும் ஒட்டியிருக்கும் இடங்களில் மட்டுமே வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. நெடுங்காலம் இமயமலைத் தார் ஆட்டின் உறவினமாகக் கருதப்பட்டு வந்த இவ்விலங்கு, 2005இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பின், செம்மறி இனத்துக்கே நெருக்கமானது என்று அறியப்பட்டு, தனக்கென ஒரு பேரினம் பெற்றது. காலநிலை மாறிவரும் இக்காலத்தில் இதனைக் காக்க எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்னும் கேள்விகளுக்கான விடைகளில் பல, இந்தச் சாலையின் இருபுறமும் கிடக்கின்றன.

முதல் விடை, எதிர்பாராத வகையில், முதலைகளிடமிருந்து கிடைக்கிறது. உடுமலையிலிருந்து புறப்படுவோர் அமராவதி அணைக்குச் சற்றே விலகிச் சென்றால், 1970களின் நடுவில் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையைக் காணலாம். சதுப்பு முதலைகள் அருகிவந்த அக்காலத்தில், முட்டைகளை எடுத்து வந்து, குஞ்சு பொரிக்கச் செய்து, வளர்த்து, மீண்டும் நீர்நிலைகளில் விடுவது என்னும் முறை கையாளப்பட்டது, முதலைகள் பெருகின. ஆனால் பெருகிய முதலைகளுக்கேற்ப ஆறுகளும் குளங்களும் பெருகவில்லையாதலால், பண்ணையின் அடைப்புகளில் முதலைகள் இன்றும் வெயில் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஓர் இனத்தைச் சிறைப்பட்ட நிலையில் பெருக்குதல் பல நேரங்களில் எளிது, அது வாழ்ந்த இடத்தைப் பெருக்குதலே கடினம் என்பதை இப்பண்ணை எந்தப் பாடநூலைவிடவும் தெளிவாகக் காட்டுகிறது. இடையே ஒரு செய்தி: சதுப்பு முதலையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மரபணு அன்று, முட்டை கிடக்கும் மணலின் வெப்பமே. ஏறத்தாழ 32.5 பாகையில் ஆண்களும், அதைவிடக் குறைந்த வெப்பத்தில் பெண்களும் பிறக்கின்றன. ஓரிரு பாகை மாற்றத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்போர் இந்த மணலைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஒன்பதாறு சோதனைச்சாவடியைக் கடந்ததும் காடு தொடங்குகிறது. மாநில எல்லையைத் தாண்டினால் அதுவே கேரளத்தின் சின்னார் வனவிலங்குக் காப்பிடமாகிறது. மரங்களுக்கு எல்லை தெரிவதில்லை, பலகைகளின் மொழி மட்டும் மாறுகிறது. தென்மேற்குப் பருவமழையை ஆனைமலையின் உயரங்கள் தடுத்துவிடுவதால் இது மழைமறைவுப் பகுதி, அதாவது மேகம் மலையின் மறுபுறமே நீரை இறக்கிவிட்டு வெறுமையாய் வந்து சேரும் பகுதி. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் இதன் தாழ்நிலங்களில் கள்ளியும் வேலமும் குடைவேலும் வளர்கின்றன. ஆற்றோர மரங்களில் அரிதான நரைநிற அணில் தாவுகிறது. இங்கே வரையாட்டைத் தேடுவது பொருந்தாத வேலையாகத் தோன்றலாம். எனினும் சின்னாரின் பாறைச் சரிவுகளில், இதே சாலையில் மேலே வரும் இராஜமலைப் புல்வெளியின் குளிருக்கும் பனிமூட்டத்துக்கும் முற்றிலும் மாறான சூழலில், வரையாடுகள் வாழ்கின்றன.

இந்த ஓர் உண்மையே காலநிலைக் கணிப்புகளைப் படிக்கும்போது எவ்வளவு கவனம் தேவை என்பதை உணர்த்துகிறது. ஓர் உயிரினம் இன்று எங்கெங்கு வாழ்கிறதோ, அவ்விடங்களின் வெப்பம், மழை, நிலச்சரிவு முதலியவற்றை அளந்து, அதே சூழல் எதிர்காலத்தில் எங்கெங்கு நிலவும் என்று கணினியின் துணையால் வரைபடமிடும் முறை வாழிட மாதிரி எனப்படும். வரையாட்டுக்கு இம்முறையைப் பொருத்திய ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. 2030கள் தொடங்கி, இவ்விலங்குக்கு ஏற்ற வாழிடத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு வரை இழக்கப்படலாம் என்றும், சின்னார், இரவிகுளம், பறம்பிக்குளம் போன்ற பகுதிகள் ஓரளவு நிலைத்து நிற்க, தெற்கே களக்காடு முண்டந்துறை, திருவில்லிபுத்தூர் போன்ற பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்படலாம் என்றும் அது கூறிற்று. சூழல் மாறினும் அதிகம் மாறாமல் நிற்கும் இத்தகைய இடங்களைக் காலநிலைப் புகலிடங்கள் என்று அறிஞர் அழைக்கின்றனர்.

இக்கணிப்பை அப்படியே ஏற்பதும் பிழை, அப்படியே தள்ளுவதும் பிழை. மாதிரி அளப்பது இன்றைய பரவலை. இன்றைய பரவலோ வேட்டைத் துப்பாக்கியும் தோட்டப் பயிரும் விட்டுவைத்த மீதி. அணுகுதற்கு எளிய சரிவுகளிலிருந்து விரட்டப்பட்டு, மனிதர் ஏறத் தயங்கிய குளிர்ந்த உச்சிகளில் தஞ்சம் புகுந்த ஒரு விலங்கைப் பார்த்து, குளிரே இதன் தேவை என்று கணினி முடிவு செய்யுமாயின், அது விலங்கின் இயல்பையும் வரலாற்றின் கொடுமையையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதாகிவிடும். சின்னார் மந்தைகள் அந்த ஐயத்தை வலுப்படுத்துகின்றன: வரையாட்டுக்கு முதன்மையாக வேண்டியது மேய்வதற்குப் புல்லும், சிறுத்தையும் செந்நாயும் வரும்போது ஒதுங்குவதற்குப் பாறையுமே. ஆயினும், மாதிரி சொல்வதில் பாதி நிகழ்ந்தாலும் தென்பகுதியின் சிறு மந்தைகள் தாங்கமாட்டா என்பதையும் மறுக்க இயலாது.

சின்னாரை அடுத்துச் சாலையில் வரும் மறையூரில் சந்தனக் காடும், வெல்லம் காய்ச்சும் ஆலைகளும், முனியறை என்று மக்கள் அழைக்கும் பெருங்கற்காலக் கல்லறைகளும் உள்ளன. அவை தனிக் கட்டுரைக்குரியவை. அங்கிருந்து சாலை வளைந்து ஏற ஏற, கரும்பு மறைந்து தேயிலை தொடங்குகிறது. தேயிலைக்கு மேலே ஆலைகளின் விறகுக்காக நடப்பட்ட யூகலிப்டஸ் மரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. உள்ளூர் மக்கள் இதனைக் கிராண்டிஸ் என்பர். தாவரவியல் பெயரின் பிற்பாதி அப்படியே பேச்சுவழக்கில் புகுந்துவிட்டது. சோலை என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத் தாவரவியல் நூல்களில் கலைச்சொல்லாக ஏறியதற்கு இது மறுதிசைப் பயணம் போலும். கண்ணுக்குக் குளிர்ச்சியான இப்பசுமை, வரையாட்டின் பார்வையில் ஒரு மதில். புல்வெளியிலிருந்து புல்வெளிக்குச் செல்ல வேண்டிய மந்தை, அடர்ந்த மரத்தோப்பையும் ஆள் நடமாட்டமுள்ள தோட்டத்தையும் கடக்கத் தயங்குகிறது. ஆகவே வரையாட்டின் உலகம் கடலில் தீவுகள் போலத் தனித்தனி மலைமுடிகளாகத் துண்டாகியுள்ளது. அறிவியலாளர் இவற்றை வான்தீவுகள் என்றே அழைக்கின்றனர்.

இலக்கம் அருவியைத் தாண்டியபின் வரும் ஐந்தாம் மைல் நுழைவாயிலே இரவிகுளம் தேசியப் பூங்காவின் பொதுவழி. சொந்த வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு, பூங்காவின் பேருந்தில் இராஜமலைக்கு ஏறி, அங்கிருந்து சிறிது தொலைவு நடக்கலாம். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்கா, தேயிலைத் தோட்ட ஆங்கிலேயரின் வேட்டைக்களமாக இருந்தது. அவ்வேட்டைக் களத்தைக் காவல் காத்தவர்கள் முத்துவர் பழங்குடியினர். நிலம் அரசின் கைக்கு வந்தபின் 1975இல் காப்பிடமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வேட்டையாடுவதற்காக ஒதுக்கப்பட்ட இடமே அவ்விலங்கின் மிகப் பெரிய புகலிடமாக எஞ்சியது, இந்நாட்டு வனப் பாதுகாப்பு வரலாற்றில் அடிக்கடி நிகழ்ந்த முரண்.

நடைபாதையின் ஓரத்தில் வரையாடுகள் மனிதரைக் கண்டு அஞ்சாமல் மேய்கின்றன. முதுகில் வெள்ளிச் சேணம் பூட்டியது போன்ற நிறமுள்ள வயது முதிர்ந்த கிடாய்களைக் கைபேசியில் படமெடுப்போர், இவ்வளவு எளிதில் காணக்கிடைக்கும் விலங்கு அழிவின் விளிம்பில் உள்ளது என்பதை நம்ப மறுப்பது இயல்பே. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாள்களில் நடத்திய கூட்டுக் கணக்கெடுப்பில் கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303 என மொத்தம் 2,668 வரையாடுகள் எண்ணப்பட்டன. இவற்றுள் 841 இரவிகுளத்தில் மட்டும் உள்ளன. மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஒரே பூங்காவில் இருப்பது நிறைவளிக்கும் செய்தியாகவும் அச்சமூட்டும் செய்தியாகவும் ஒருசேர அமைகிறது. 2015இல் வெளியான மதிப்பீடு 3,122 என்றிருந்தமையால், பத்தாண்டில் எண்ணிக்கை சரிந்துவிட்டது என்று சிலர் எழுதுகின்றனர்; எண்ணிய முறையும் பரப்பும் வேறாகையால் அவ்விரு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தல் முறையன்று. இரு மாநிலங்களும் ஒரே முறையில், ஒரே காலத்தில் ஆண்டுதோறும் எண்ணத் தொடங்கினால்தான் இனிவரும் எண்கள் பேசும்.

இராஜமலையின் புல்வெளியில் நின்று பார்த்தால், பள்ளங்களில் மட்டும் கருநிறமாகத் திரண்ட சோலைக்காடும், அதைச் சுற்றி அலையலையாகப் புல்லும் விரிகின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள கோடு கத்தியால் வெட்டியது போலக் கூர்மையானது. மரங்கள் ஏன் அக்கோட்டைத் தாண்டிப் புல்வெளிக்குள் நுழைவதில்லை என்னும் பழைய கேள்விக்கு, நீலகிரியில் செய்யப்பட்டு 2020இல் வெளியான ஆய்வொன்று தெளிவான விடை தந்தது. குளிர்கால இரவுகளில் திறந்தவெளிப் புல்லின்மேல் உறைபனி படியும்போது, அங்கே நடப்பட்ட சோலை மரக் கன்றுகள் கருகி மடிகின்றன. சோலைக்குள் மேற்கவிகை வெப்பத்தைத் தக்கவைப்பதால் அவை பிழைக்கின்றன. ஆக, இப்புல்வெளியின் எல்லைக் காவலன் உறைபனி. அதே ஆய்வு இரண்டு கவலைகளையும் கிளப்பிற்று: வெப்பம் சிறிது கூட்டப்பட்டால் கன்றுகளின் பிழைப்பு மேம்படுகிறது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரமோ, வெப்பம் கூட்டப்படாத நிலையிலேயே உறைபனியைத் தாங்கிக்கொள்கிறது. நீலகிரி மக்கள் சீகை என்றழைக்கும் இம்மரம், தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் பரப்பப்பட்டு, பின்னர் எவரும் நடாமலே பரவியது. பழனி மலைகளில் 1973 முதல் 2014 வரையிலான நாற்பதாண்டுக் காலத்தில், மரத்தோப்புகளாலும் வேளாண்மையாலும் மலைப்புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு காட்டியது.

இங்கேதான் முடிவெடுத்தலின் சிக்கல் தொடங்குகிறது. காலநிலை மாற்றத்துக்கு மருந்து மரம் நடுதல் என்பது பொதுமக்கள் மனத்தில் பதிந்துவிட்ட வாய்பாடு. ஆனால் இம்மலைகளில் புல்வெளி என்பது காட்டை வெட்டியதால் உண்டான வெற்றிடம் அன்று. நீலகிரியின் சதுப்புகளில் படிந்துள்ள பழந்தாவரக் கரிமண்ணை ஆராய்ந்து 1993இல் அறிஞர் வெளியிட்ட முடிவுகள், கடந்த பனியூழியின் உச்சத்தில், அதாவது ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, வறட்சியில் செழிக்கும் புல்வகைகள் இங்கே ஓங்கியிருந்தன என்றும், பின்னர் ஈரம் கூடிய காலங்களில் அவை பின்வாங்கின என்றும் தெரிவிக்கின்றன. கோடரி வருவதற்கு மிக முன்பே இருந்த நிலத்தைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதி, அதில் மரம் நட்டமை 19, 20ஆம் நூற்றாண்டுகளின் உறுதியான, ஐயமே இல்லாத முடிவு. இன்று பசுமையின் பெயரால் அதையே மீண்டும் செய்தால், வரையாட்டின் தட்டிலிருந்து மிஞ்சிய புல்லையும் எடுப்பதாகும்.

அப்படியானால் வாட்டில் அனைத்தையும் வெட்டி எறிந்துவிடலாமா என்றால், அதுவும் அவசரம். அடர்ந்து முதிர்ந்த தோப்பை ஒரேயடியாக வெட்டும்போது மண் கிளறப்பட்டு, பல்லாண்டுகளாக மண்ணுள் உறங்கும் விதைகள் முளைத்து, முன்பைவிட நெருக்கமான கன்றுக்காடு எழுகிறது; மறுபுறம், முதிர்ந்த தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே தலைதூக்குகின்றன. ஆகவே இப்புல்வெளிகளை ஆய்ந்தோர், தோப்பின் நடுவை விட்டுவிட்டு, புல்வெளிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதிதாக நுழைந்துள்ள இளமரங்களை முதலில் பிடுங்குமாறு கூறுகின்றனர். இது செலவு குறைந்தது. வெப்பம் ஒரு பாகை கூடினாலும் மூன்று பாகை கூடினாலும், மழை மிகுந்தாலும் குறைந்தாலும் பயன் தருவது. தவறாகப் போனாலும் பெரிய இழப்பில்லாதது. எதிர்காலம் எப்படி அமைந்தாலும் வருந்த நேராத இத்தகைய செயல்களை, எதிர்காலம் எது என்று தெரியும் வரை காத்திராமல் இன்றே செய்துவிடலாம் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. இந்த எளிய தரவரிசை, பெரும்பாலான திட்ட அறிக்கைகளில் ரேடியோ கழுத்துப்பட்டைக்கும் ட்ரோனுக்கும் பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது.

தீயும் அவ்வாறே நுட்பமான ஒரு முடிவு. இரவிகுளத்தில் குளிர்கால முடிவில் புல்லைச் சிறுசிறு துண்டுகளாக, ஆண்டுக்கு ஓரிடம் என்று மாற்றி மாற்றி எரிக்கும் வழக்கம் வேட்டைக் காலத்திலிருந்தே முத்துவர் கைகளில் தொடர்ந்து வந்துள்ளது. முதிர்ந்து முரடான புல் எரிந்து, இளந்தளிர் எழும்போது வரையாடுகள் அங்கே கூடுகின்றன. சிறு துண்டுகள் எரிந்து கிடப்பதால் பெருந்தீ பரவ வழியில்லாமலும் போகிறது. ஆனால் எந்த வாரத்தில் பனி விலகி, எந்த வாரத்தில் புல் எரியும் பதத்துக்கு வந்து, எந்த வாரத்தில் அது கட்டுக்கடங்காமல் போகும் என்னும் அறிவு, பழைய பருவங்களைப் பார்த்துப் பழகிய அறிவு. பருவம் நழுவும்போது நாள்காட்டியைப் பின்பற்றும் அலுவலகத்தைவிட, புல்லைக் கையில் கசக்கிப் பார்க்கும் முத்துவரின் கணிப்பே நம்பத்தக்கது. ஒன்றைச் செய்து, விளைவை அளந்து, அடுத்த ஆண்டு முறையைத் திருத்திக்கொள்வதைத் தகவமைவு மேலாண்மை என்று நூல்கள் பெயரிட்டு அழைக்கின்றன; பெயர் புதிது.

இவை அனைத்தும் திரும்பப் பெறக்கூடிய முடிவுகள். விலங்கை இடம் மாற்றுவது அப்படிப்பட்டதன்று. தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாய் மதிப்பில், 2022 முதல் 2027 வரைக்குமாக அறிவித்த வரையாட்டுத் திட்டத்தில், முன்பு வரையாடுகள் வாழ்ந்து மறைந்த இடங்களில் அவற்றை மீண்டும் குடியமர்த்துவதும் ஒரு கூறு. முன்னோர் வாழ்ந்த இடத்தில் விடுவது மறுகுடியமர்த்தல். இதுவரை வாழ்ந்திராத, ஆனால் வருங்காலத்துக்கு ஏற்றதாகக் கருதப்படும் இடத்தில் விடுவது துணைக்குடியேற்றம். இரண்டாவதற்குச் சான்றாக, மேற்கு ஆஸ்திரேலியாவின் சதுப்பு ஆமை ஒன்று, அதன் இயற்கை வாழிடம் வறண்டுவருவதால், 2016இல் தெற்கே குளிர்ந்த இடங்களில் சோதனையாக விடப்பட்டது. வரையாட்டுக்கு அந்த வழி ஏறத்தாழ அடைபட்டது. ஆமைக்குத் தெற்கே குளிர்ந்த நிலம் இருந்தது. ஆனைமுடிக்கு மேலே இத்தென்னாட்டில் மலை இல்லை.

மறுகுடியமர்த்தலிலும் எந்த மந்தையை எங்கே விடுவது என்னும் கேள்வி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய், வரையாடுகளை வடக்கு, தெற்கு என இரு மரபுக் குழுக்களாகப் பிரித்துள்ளது என்று 2018இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. வடக்கே நீலகிரியிலுள்ள முக்குர்த்தியின் சிறு மந்தைக்கு இரவிகுளத்தின் கிடாயைக் கொண்டு சேர்த்தால் புதிய இரத்தம் கிடைக்கும். பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனியே உருவான வேறுபாடு கரைந்தும் போகும். சிறு கூட்டத்துக்குள்ளேயே இனம்பெருகுவதால் வரும் நலிவும் உண்மை, கலப்பால் வரும் இழப்பும் உண்மை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2013இல் வெளியிட்ட இடமாற்ற வழிகாட்டு நெறிகள், விலங்கு மறைந்ததற்கான காரணம் நீங்கியதா என்பதை முதலில் உறுதிசெய்யச் சொல்கின்றன. வாட்டில் நின்ற இடத்தில் வாட்டிலே நிற்கையில், அங்கே ஆட்டைக் கொண்டுபோய் விடுவதில் பொருளில்லை.

காத்திருத்தலுக்கும் விலை உண்டு என்பதற்கு ஆஸ்திரேலியாவின் வடமுனையில், டாரஸ் நீரிணையில் உள்ள பிராம்பிள் கே என்னும் சிறு மணற்றிட்டு சான்று. அங்கு மட்டுமே வாழ்ந்த மெலோமிஸ் என்னும் எலியின் வாழிடத்தைக் கடல்நீர் மீண்டும் மீண்டும் மூழ்கடித்தது. 2009இல் கடைசியாகக் காணப்பட்ட அவ்வெலி, 2014இல் தேடியபோது ஒன்றுகூட அகப்படவில்லை. 2016இல் குயின்ஸ்லாந்து ஆய்வறிக்கை அது அழிந்ததென்றது. 2019இல் ஆஸ்திரேலிய அரசும் அதை உறுதிசெய்தது. மனிதச் செயலால் மாறிய காலநிலை முற்றாக அழித்த முதல் பாலூட்டி என்று அது குறிக்கப்படுகிறது. எண்ணிக்கை எந்த அளவுக்கு இறங்கினால் என்ன செய்யப்படும் என்பதை முன்கூட்டியே எழுதி ஒப்பமிட்டு வைத்திருந்தால், இறங்கும்போது விவாதம் தொடங்க வேண்டிய தேவை இருந்திராது. இதனைத் தூண்டுவரம்பு எனலாம். வரையாட்டுக்கும் ஒவ்வொரு மலைக்கூட்டத்துக்கும் தனித்தனியே அப்படியொரு வரம்பு இரு மாநிலங்களின் ஒப்புதலோடு இப்போதே வகுக்கப்பட வேண்டும். இருபதே ஆடுகள் எஞ்சியபின் கூட்டப்படும் வல்லுநர் குழு, இரங்கற்கூட்டத்துக்குச் சற்றே முந்தியது.

வரையாட்டுக்குக் கால்களாவது உண்டு. ஆனைமுடியின் உச்சியை ஒட்டிய புல்திட்டுகளில் வாழும் செம்மஞ்சள் நிறத் தவளையொன்று 2010இல் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பே அதன் உலகம் என்று அப்போது கருதப்பட்டது. மேகம் சற்று உயர்ந்து மிதக்கத் தொடங்கினாலே அதன் தோல் உலரும். அதற்குச் சின்னாரும் இல்லை, முக்குர்த்தியும் இல்லை. இத்தவளைக்காகச் செய்யக்கூடியது அவ்வுச்சியைத் தொடாமல் விடுவது ஒன்றே என்பதால், ஆனைமுடியில் ஏறுவதற்குப் பொதுமக்களுக்கு அனுமதியில்லாமையைக் குறைகூறுவோர் சற்றுப் பொறுக்கலாம்.

மாறும் காலநிலை இம்மலையில் விலங்குக்கு மட்டும் உரிய செய்தியாகவும் இருக்கவில்லை. 1924இன் பெருவெள்ளம் குண்டலைப் பள்ளத்தாக்கின் இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் போடப்படவேயில்லை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இரவிகுளத்தின் ஓரத்திலுள்ள பெட்டிமுடியில் கொட்டிய பெருமழையில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியதில் 70 பேர் மாண்டனர். அவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியில் வேர்கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். வரையாட்டுக்குக் காலநிலைப் புகலிடம் எது என்று வரைபடத்தில் தேடும் அதே அக்கறையோடு, தொழிலாளர் குடியிருப்புக்குப் பாதுகாப்பான சரிவு எது என்றும் தேடாத திட்டம், இம்மக்களின் துணையைக் கேட்கும் உரிமையை இழந்துவிடும். வாட்டில் கன்றைப் பிடுங்கப்போகும் கைகள் அவர்களுடையவை.

மூணாற்றிலிருந்து வட்டவடைக்குச் செல்லும் சாலையில், ஆனைமுடிச் சோலைத் தேசியப் பூங்காவைச் சேர்ந்த பழத்தோட்டம் என்னும் இடத்தில் அதற்கு ஒரு முன்மாதிரி உள்ளது. அங்கிருந்த வாட்டில் தோப்பு காட்டுத் தீயில் எரிந்தபின், வனத்துறையும் உள்ளூர் மக்களும் மீண்டும் மரம் நடாமல், இம்மலைக்குரிய புல்வகைகளைத் திரட்டி, நாற்றங்காலில் வளர்த்து, நெல் நாற்று நடுவது போல வரிசையாக நட்டனர்; இடையில் முளைத்த வாட்டில் கன்றுகளை ஆண்டுதோறும் களைந்தனர். புல் வேர்கொண்ட பின் ஓடைகளில் நீரோட்டம் மேம்பட்டதாக வனத்துறையினர் கூறுகின்றனர். பரப்பில் இது சிறியது; எங்கேனும் ஒரு திட்ட அறிக்கையின் அடிக்குறிப்பில் இடம்பெறக்கூடிய அளவே. ஆனால் நட்ட மரத்தை நீக்கிப் புல்லை மீட்க முடியும் என்பதற்கு, அது கண்ணால் காணத்தக்க சான்று.

இவ்வழியே செல்ல எண்ணுவோர்க்கு ஒரு வேண்டுகோள். வரையாடுகள் குட்டி ஈனும் காலமாதலால், இரவிகுளம் பூங்காவின் வாயில் ஆண்டுதோறும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்பட்டிருக்கும். அம்மாதங்களில் அங்கே சென்று காவலரிடம் வாதாடாமல், ஏப்ரலுக்குப் பின் செல்க. சென்றால், ஆட்டைப் படமெடுத்து முடித்தபின், அதன் பின்னால் புல்வெளியின் ஓரத்தில் இளம்பச்சையாய், நுண்ணிலைகளோடு தனித்து நிற்கும் மரக்கன்று ஏதேனும் தென்படுகிறதா என்று பார்த்து, தென்பட்டால் அங்குள்ள வனக்காவலரிடம் இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டு வருக.